மேட்டின் மறுபக்கம்

மோட்டார் வண்டிகள் வராத காலம். இங்கிலாந்தின் கிராமத்துச் சாலை ஒன்றில் செங்குத்தான மேடு இருந்தது. அதன் அடிவாரத்தில் பிளாசம் என்ற குதிரை நிற்கும். அதற்கென்று ஒரு வண்டி கிடையாது. பாரத்தோடு வரும் வண்டிகள் மேடேற உதவியாக, அவற்றின் குதிரைக்கு முன்னால் அதையும் சங்கிலியால் பூட்டுவார்கள். உச்சியில் அவிழ்த்துவிடுவார்கள். வண்டி அந்தப் பக்கம் இறங்கிப் போகும். பிளாசம் ஒரு நிமிஷமும் நிற்காமல் கீழே திரும்பிவிடும்.

ஒருநாள் பீர் பீப்பாய் வண்டியொன்று மறுபக்கத்திலிருந்து வந்தது. அதன் குதிரை பிளாசத்தின் பக்கத்திலிருந்த தொட்டியில் தண்ணீர் குடிக்க நின்றது.

"ஊர் பாரமெல்லாம் நான் ஒருத்திதான் இழுக்கிறேன். சந்தையை நான் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. நாளைக்கு ஓரடி எடுத்து வைக்கமாட்டேன், பார்," என்றது பிளாசம்.

மூக்கில் நீர் சொட்ட அந்தக் குதிரை நிமிர்ந்தது. "அவனும் இதையேதான் சொன்னான்."

"எவன்?"

"அந்தப் பக்க அடிவாரத்தில் உன்னைப்போலவே நிற்கும் கறுப்புக் குதிரை. இத்தனை பீப்பாயோடு நான் தனியாகவா மேடு ஏறினேன்?"

பிளாசம் தலையைத் தூக்கி மேட்டின் உச்சியைப் பார்த்தது.

மறுநாள் காலை நிலக்கரி வண்டி வந்தது. பிளாசம் வழக்கத்தைவிட வேகமாக இழுத்தது. உச்சியில் சங்கிலியை அவிழ்த்த பிறகும் திரும்பவில்லை. வண்டிக்காரர் முதுகில் தட்டிப் பார்த்தார். நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கச் சரிவில் இரண்டு கறுப்புக் காதுகள் மெல்ல மேலேறி வந்தன.