பழைய ஜீப்புக்குப் புது மேப்

"ரேடியோவையும் மாத்தணும், வழி சொல்ற மெஷினும் வைக்கணும். விஷயம் வெளியில போகக் கூடாது," என்றார் பெரிய மீசைக்காரர்.

கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப். எது பெயின்ட், எது துரு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நம்பர் பிளேட்டில் மட்டும் சேறு கச்சிதமாக அப்பியிருந்தது. கடைக்காரரின் விசிட்டிங் கார்டில் 'வாகன ஒலி விஞ்ஞானி' என்று போட்டிருக்கும். விஞ்ஞானிகளுக்கே உரிய சந்தேகம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

"பழைய ரேடியோவுல என்ன சார் கோளாறு?"

"நிறுத்தினாலும் பேசுது. போன வாரம் மூச்சு விடாம பதுங்கி உட்கார்ந்திருக்கோம். திடீர்னு தக்காளிச் செடிக்கு உரம் போடறது எப்படின்னு ஆரம்பிச்சிடுச்சு. மொத்தக் காரியமும் பாழ்!"

"பதுங்கியா?"

"உன் வேலையைப் பாருய்யா."

கூட வந்த ஒல்லி ஆள் மெதுவாக, "ஐயா, ஒரு டீ..." என்று இழுத்தார்.

"வெளியில வந்தா ஐயான்னு கூப்பிடாதே, அண்ணேன்னு கூப்பிடுன்னு எத்தனை தரம் சொல்றது?"

"சரிங்கய்யா... அண்ணே."

கடைக்காரர் வேலையில் இறங்கினார். அந்தக் காலத்து ரேடியோ இருந்த பொந்து ஒரு சோப்புப் பெட்டி அகலம்தான். புதுத் திரையோ சாப்பாட்டுத் தட்டு அளவு. டேஷ்போர்டை ரம்பத்தால் அறுத்து இடம் செய்தார். கூரை முழுக்க இரும்பு, சிக்னல் உள்ளே இறங்காது என்பதால், ஆன்டெனாவைக் கண்ணாடி ஓரமாக ஒட்டினார். ஒயரைப் பின்னால் கொண்டுபோகச் சீட்டைத் தூக்கியவர், அப்படியே நின்றுவிட்டார்.

கயிற்றுச் சுருள். கடப்பாரை. ஒரு சாக்கு நிறைய விதவிதமான நம்பர் பிளேட்டுகள்.

சத்தம் வராமல் சீட்டைப் பழையபடி வைத்தார். அவருடைய பற்கள்தான் சத்தம் போட்டன.

பானெட்டில் சாய்ந்தபடி வெளியே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அன்னைக்கே இந்த மெஷின் இருந்திருந்தா, நகைக்கடை மேட்டர்ல சந்து மாறி சுடுகாட்டுக்குப் போயிருக்க மாட்டோம்."

"இந்த ஊரே என் உள்ளங்கையில இருக்குடா. அந்தச் சுடுகாட்டைத்தான் தப்பான இடத்துல கட்டி வச்சிருக்கானுங்க."

"பேங்க் மேட்டர்லயும் நாம போய்ச் சேர்றதுக்குள்ள, அவனுங்க மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டானுங்களே."

"ஞாபகப்படுத்தாதே. அடுத்ததையும் கோட்டை விட்டா நம்ம கதையை முடிச்சிடுவேன்னு பெரியவர் சொல்லியிருக்கார்." மீசைக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "ஏய்யா, தப்பிச்சு ஓடறதுக்கு எந்தெந்தச் சந்து இருக்குன்னு எல்லாம் இதுல தெரியுமில்ல?"

"தெ... தெரியும் சார்."

கடைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாளைக்கு இவர்கள் எங்கேயாவது அள்ளிக்கொண்டு ஓடினால், போலீஸ் முதலில் கேட்கப்போவது, இவர்களுக்கு வழி காட்டியது யார் என்றுதான். கூட்டாளி என்று உள்ளே தள்ளிவிடுவார்கள். ஜெயிலுக்குள் கார் கிடையாது. ஒரு வாகன ஒலி விஞ்ஞானி அங்கே போய் என்ன செய்வார்?

"ஃப்யூஸ் எடுத்துட்டு வந்துடறேன் சார்," என்று பின்னறைக்குள் நுழைந்து, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து போலீஸுக்குப் போன் போட்டார்.

"சார், பஸ் நிலையத்துக்குப் பின்னாடி கார் ரேடியோ கடை. கொள்ளைக்காரங்க கடைக்குள்ளயே இருக்காங்க. சீக்கிரம் வாங்க."

"பதறாதீங்க. பேச்சுக் குடுத்துட்டே இருங்க. ஆள் அனுப்பறேன்."

கடைக்காரர் திரும்பி வந்து பேச்சுக் கொடுத்தார். முடுக்கிய ஸ்க்ரூவைத் தளர்த்தினார், தளர்த்தியதை முடுக்கினார். பொறுமையிழந்த மீசைக்காரர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய போனைப் புது ரேடியோவோடு ஏற்கெனவே இணைத்தாகிவிட்டது. அது அந்த நேரம் பார்த்து அடித்தது. நான்கு ஸ்பீக்கர்களிலும் ஒரு குரல் கணீரென்று ஒலித்தது.

"ஐயா, அடுத்தது பஸ் நிலையத்துக்குப் பின்னாடி இருக்கிற கார் ரேடியோ கடை. உடனே போங்க. இதையாவது ஒழுங்கா முடிக்கச் சொன்னார் பெரியவர்."

ஸ்பீக்கரின் துல்லியத்தைப் பற்றிப் பெருமையடிக்கத் திறந்த வாயைக் கடைக்காரர் மூடவில்லை. அடுத்த கொள்ளை இங்கேயா! இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

மீசைக்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கார் ரேடியோ கடை! ஏறுடா வண்டியில!"

"அண்ணே, அது வந்து..."

"அவசரத்துல குறுக்கே பேசாதே!" புதுத் திரையில் விலாசத்தைக் குத்தினார்.

"நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்," என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

மீசைக்காரர் திரையின் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். "பார்த்தியா லட்சணத்தை? இன்னும் கிளம்பவே இல்ல, வந்துட்டோமாம்! இதை நம்பினா உருப்பட்ட மாதிரிதான். வழி எனக்குத் தெரியும், ஏறு!"

ஜீப் உறுமிக்கொண்டு கடையை விட்டுப் பாய்ந்தது. புழுதி அடங்கிய பிறகு கடைக்காரர் ஒரு கையை மட்டும் இறக்கி, மறுபடி போன் போட்டார்.

"என்ன சார், உங்க ஆளுங்களை இன்னும் காணோமே?"

"அப்பவே கிளம்பிட்டாங்களே சார். கொள்ளைத் தடுப்புத் தனிப்படை, மஃப்டியில வர்றாங்க. பழைய ஜீப், பெரிய மீசை. உங்க கடையைத் தாண்டிப் போனா, கொஞ்சம் கை தட்டிக் கூப்பிட்டுக்குங்க."