கரடியும் சுனைப் பாறையும்

மலைச்சுனையின் வாயை ஒரு பாறை உருண்டு வந்து அடைத்துவிட்டது. காட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அதைப் புரட்டியே தீருவதென்று கரடி தினமும் கல் தூக்கிப் பழகியது. பழகப் பழக உடம்பு விறைத்துப்போனது.

காட்டுப்பூனை முதுகை வளைத்துச் சோம்பல் முறிப்பதைக் கரடி பார்த்தது. தானும் அப்படி வளைந்தால் பலம் கூடும் என்று எண்ணி, காலை முழுக்கக் கிளையில் தொங்கித் தோளை இழுத்தது. இறங்கிய கையோடு பாறையைப் பிடித்தது. கைகள் துவண்டன. தோள் சுளுக்கிக்கொண்டது.

"என்ன அண்ணே, வலிக்க வலிக்கவா இழுத்தீங்க?" என்றது பூனை.

"வலிச்சாத்தானே பலன்?"

"எனக்கு வலிச்சதே இல்லையே! இதமா இருக்கும்போதே நிறுத்திடுவேன்."

கரடி சுளுக்கிய தோளைப் பிடித்துக்கொண்டு படுத்தது.

சுளுக்கு விட்ட பிறகு, ஒரு விடியலில் அது சுனையைச் சுற்றி நடந்தது, கைகளை வீசியது, சின்னக் கல்லைத் தூக்கி இறக்கியது. உடம்பு சூடேறியதும் பாறையைத் தள்ளியது. பாறை புரண்டது. தண்ணீர் குபுகுபுவெனப் பொங்கியது. மான்கள் ஓடி வந்தன.

கரடி ஈர மண்ணில் படுத்துக் கால்களை மெல்ல நீட்டி, இதமாக இருக்கும்போதே நிறுத்தியது.

"இனிமே ஓய்வுதானே அண்ணே?" என்றது பூனை.

"கீழே ஓடையில ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடக்கே, பார்க்கலையா?" என்றது கரடி.