பதினாலு தடவை

"பதினாலு தடவை" என்றான் ரிஜின். "ஒரே ஷிஃப்டில் பதினாலு தடவை எழுந்து போயிருக்கீங்க, சேச்சி. எங்கே?"

புஷ்பமேரி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். சூரியநெல்லிக்கு மேலே உள்ள அந்தத் தேயிலை ஃபேக்டரியில், தூளைத் தரம் பிரிக்கும் அறையில் அவளுக்குப் பத்து வருஷ வேலை.

"டிரையர் பக்கம், சார்."

"அங்கே உங்களுக்கு என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல. குளிருக்குத்தான். அங்கன நின்னா கதகதப்பா இருக்கும்."

மேனேஜர் ஆனந்தகுமார் சிரித்தார். "மணியடிச்ச மாதிரி குளிருமோ? இல்ல, சூசையப்பன் அங்கே பாட்டு பாடுறாரா?"

தேயிலை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொள்ளும் சூசையப்பன் மூலை நாற்காலியில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

வேலை முறையைச் சீராக்கக் கொச்சி தலைமை அலுவலகம் ரிஜினை அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. வந்த அன்றே ஓர் அட்டை எழுதிச் சுவரில் ஒட்டினான். அணித் தலைவர், ரிஜின். டிரையர் பொறுப்பாளர், சூசையப்பன். நேரம் குறிப்பவர், கிளார்க் ஆர்த்தி. அவள்தான் நேற்று தரம் பிரிக்கும் அறை வாசலில் செல்போனோடு உட்கார்ந்து, யார் எப்போது எழுந்தார்கள் என்று எழுதியவள்.

"சேட்டா, டிரையர் உங்க பொறுப்பு" என்றான் ரிஜின். "இவங்க வந்து போறதால உங்களுக்கு ஏதாவது உபயோகம் உண்டா?"

சூசையப்பன் தொண்டையைச் செருமினார். புஷ்பமேரி தரையைப் பார்த்தாள்.

"இல்ல சார்."

"அப்போ வீண் நடை. நான் யாரையும் குற்றம் சொல்ல வரல. வேலையைத்தான் பார்க்கிறேன்." மேஜையிலிருந்து டிரையர் பதிவேட்டை எடுத்தான். "இதையும் பாருங்க. அரை மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்துச் சூடு எழுதணும். ஒரு மாசமா ஒரு கட்டம்கூடக் காலியில்ல. பொறுப்புன்னா இது. சேட்டனைப் பார்த்து எல்லாரும் படிக்கணும்."

"இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ்" என்றார் மேனேஜர். "ஒரு கரும்புள்ளி இல்லாம முடிக்கப் போறார்."

முடிவு முன்பே டைப் ஆகியிருந்தது. நாளையிலிருந்து புஷ்பமேரி மேல் டிவிஷன் தோட்டத்தில் கொழுந்து எடுக்க வேண்டும்.

"சார், ரெண்டு வருஷமா முட்டி வீங்கிக் கெடக்கு. சரிவுல நிக்க ஏலாது. மழை வேற."

"தினம் பதினாலு தடவை நடந்த முட்டிதானே" என்றார் மேனேஜர்.

புஷ்பமேரி காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கீழே தேதி எழுதினாள். 17-7.

"பொறுப்பாளரும் போடணும்" என்றான் ரிஜின்.

சூசையப்பன் பேனாவைப் பிடித்தபடி நின்றார். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. புஷ்பமேரி காகிதத்தை அவர் பக்கம் திருப்பி, கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இங்க, அண்ணே."

அந்த விரலை ஒட்டி அவர் கையெழுத்துப் போட்டார்.

"நல்ல கூத்து. தண்டனைக்கு இவங்களே இடம் காட்டுறாங்க" என்றார் மேனேஜர்.

இருவரும் வெளியே போனார்கள். ரிஜின் லேப்டாப்பில் அறிக்கையைத் திறந்தான்.

மேஜை ஓரம் நின்ற ஆர்த்தி காகிதங்களை அடுக்கினாள். புஷ்பமேரியின் காகிதத்தில் ஏழு என்ற எண்ணின் நடுவே ஒரு குறுக்குக் கோடு இருந்தது. அப்படி எழுதியதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

பதிவேட்டை விரித்தாள். 97. 97. 107. எல்லா ஏழுக்கும் நடுவே அதே குறுக்குக் கோடு.

நேற்று தான் எழுதிய நேரக் குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். 8.30, 9.00, 9.30... புஷ்பமேரி எழுந்து போன பதினாலு நேரம். டிரையரில் சூடு எழுதிய பதினாலு நேரம். ஒன்றுகூட மாறவில்லை.

போன வருஷம் பாய்லரில் இருந்த பாண்டீஸ்வரனுக்குக் கண் மங்கிவிட்டதென்று தெரிந்ததும், ஒரே வாரத்தில் வேலையையும் பறித்து, எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வைத்தார்கள். அந்த உத்தரவை டைப் செய்தவள் ஆர்த்திதான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. புஷ்பமேரி நொண்டியபடி படி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படிக்கும் நின்று எதையோ சொன்னாள். அவள் தோளில் கை வைத்தபடி சூசையப்பன் பின்னால் இறங்கினார்.

"ஆர்த்தி, அந்தச் சேச்சி எழுந்து போனதுக்குக் காரணம் எழுதியாச்சா?" என்றான் ரிஜின்.

அவள் பதிவேட்டை மூடினாள்.

"எழுதிட்டேன் சார். குளிர்."