பருப்பு விழுந்தால் வெள்ளி

அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். துரை கொழுந்து நிறுவை பார்க்கப் போயிருந்தார். துரைசானி பகல் தூக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பங்களாவின் சமையலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் பொறுப்பான அப்பு சின்னராசாவுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

மேசை இழுப்பறையை ஓசைப்படாமல் இழுத்தான். பதினெட்டுக் கரண்டிகள் பளபளவென்று கலந்து கிடந்தன. அவற்றில் ஆறு அசல் வெள்ளி. மீதிப் பன்னிரண்டும் ஜெர்மன் சில்வர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த சரக்கு அது. பெயரைத் தவிர வேறெங்கும் வெள்ளி கிடையாது. பார்வைக்கு மட்டும் எல்லாம் ஒரே அச்சு. பின்பக்கம் முத்திரை இருந்தது. ஆனால் சின்னராசாவுக்கு இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எறும்பு வரிசைதான்.

எந்தப் பங்களாவில் வெள்ளிக் கரண்டி காணாமல் போனாலும் முதலில் மாட்டுவது அப்புதான். அப்புறம் பதுளை ஜெயில். இருட்டுவதற்குள் ஆறும் கைமாறியாக வேண்டும். ரோட்டு வளைவில் ஆள் காத்திருப்பான்.

நல்லவேளை, இருபது வருடமாக அடுப்படியில் வெந்தவனுக்கு எது எவ்வளவு சீக்கிரம் சுடும் என்று தெரியும். செம்புச் சட்டியின் பிடி கையை உடனே பதம் பார்க்கும். பித்தளை கொஞ்சம் தாமதிக்கும். இரும்பு இன்னும் பொறுக்கும். வெள்ளியோ செம்பையே முந்திவிடும். ஜெர்மன் சில்வர் இருக்கிறதே, அது இரும்பைவிடப் பெரிய சோம்பேறி.

மண்சட்டியில் கொதிநீரை ஊற்றினான். இரும்புச் சட்டி என்றால் விளிம்பே சுட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு கரண்டிக் காம்பின் நுனியிலும் குளிரில் இறுகிய வெண்ணெயை அப்பி, அதில் ஒரு துவரம்பருப்பை ஒட்டினான். பதினெட்டையும் ஒன்றாக நீரில் நிறுத்திவிட்டுக் கண் இமைக்காமல் பார்த்தான்.

“என்னங்க அப்பு, இன்னிக்குத் துரைக்குக் கரண்டிக் கொழம்பா?”

பாத்திரம் கழுவும் பெரியாயி கதவருகில் நின்றாள். சின்னராசாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“சத்தம் போடாத புள்ள! பருப்பு விழப்போவுது.”

வெண்ணெய் இளகி முதல் பருப்பு வழுக்கி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஆறாவது விழுந்ததும், அந்த ஆறு கரண்டிகளையும் துணியால் பிடித்து உருவினான். மற்ற பன்னிரண்டிலும் பருப்பு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

“அடியாத்தி, அம்புட்டும் வெள்ளியா?” பெரியாயி கிட்டே வந்தாள். “எனக்கு ஒண்ணு குடுங்க. வாயே தொறக்க மாட்டேன்.”

“ஒண்ணு கொறஞ்சாலும் ஜெயிலுதான்! வேணும்னா அந்த வெண்ணெய எடுத்துத் தின்னு.”

பெரியாயிக்குப் பேரம் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு காம்புகளையும் பருப்போடு சேர்த்து வழித்துத் தின்றாள்.

சின்னராசா ஆறு கரண்டிகளையும் துணியில் பொட்டலம் கட்டி மடியில் செருகிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கிடையே குனிந்து ஓடினான். மூடுபனி இறங்கிய வளைவில், தலைப்பாகை கட்டிய தம்பையா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எல்லாம் அசல்தானே சின்னராசா? போன தடவ ஒண்ணு மாறிப்போயி நான் பட்ட பாடு இருக்கே!”

“பருப்பு வச்சே பாத்துட்டேன் அண்ணே. அத்தனையும் வெள்ளி.”

தம்பையா இரண்டு முறை எண்ணினான். ஆறு. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

“தப்பிச்சேன்! எங்க துரை இன்னும் கரண்டிய எண்ணல” என்றான், பக்கத்துத் தோட்டத்துப் பங்களா அப்புவான தம்பையா. “இனிமே எங்க வீட்டு விருந்துக்கு உங்க துரைய அனுப்புறப்ப, அவரு கோட்டுப் பைய தச்சுட்டு அனுப்புப்பா.”

“தச்சுட்டாப் போச்சு” என்றான் சின்னராசா. “அதுக்கு முன்னாடி, போன வாரம் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்த உங்க துரை தூக்கிட்டுப் போன பால் குவளைய எடுங்க.”