ஏழாம் இருக்கையின் கேள்வி

தொற்றுக்குப் பயந்து எல்லையை மூடி ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. வெளிநாட்டுப் பயணிகள் விமானத்திலிருந்து நேராகக் கண்ணாடிப் பேருந்தில் ஏறி, எங்கும் இறங்காமல் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மாமல்லபுரத்தில் பேருந்து ஆறு நிமிடம் நிற்கும். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். வெளியே நிற்கும் வழிகாட்டி பதிலை முடிக்கும்வரை வண்டி நகராது.

இன்று ஏழாம் இருக்கையில், வெளிநாட்டில் வாழும் வழிகாட்டி தனக்கோடியின் மகள் எழில் இருந்தாள். மடியில் அவர் பார்த்திராத பேத்தி. மகளாக வர அனுமதியில்லை, பயணியாக வரலாம்.

உருவங்கள் நிறைந்த பாறைச் சிற்பமான அர்ச்சுனன் தபசை அவர் விளக்கினார். கண்கள் குழந்தையை விட்டு நகரவில்லை. ஆறாவது நிமிடத்தில் எழில் கேள்விப் பொத்தானை அழுத்தினாள்.

“அந்தப் பூனை ஏன் ஒத்தைக் கால்ல நிக்குது?”

“பள்ளிக்கூடம் போகாம அது முன்னாடியே கெடந்தவளுக்குத் தெரியாதாக்கும்!”

“தெரியும்ப்பா. மெதுவாச் சொல்லுங்க.”

எவ்வளவு இழுத்தும் பூனையின் கதை மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. எஞ்சின் உறுமியது. தனக்கோடி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். உள்ளிருந்து குழந்தை அதைத் தட்டியது.

அதுவரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து இருக்கை வெள்ளைக்காரர் சட்டென்று பொத்தானை அழுத்தினார்.

“பாறையில் மொத்தம் எத்தனை உருவங்கள்? ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுங்கள்.”