கண்ணாடியில் மூச்சு

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தும், திரும்பிப் பார்க்கப் பயந்து நின்றிருக்கிறீர்களா?

புது டீச்சர் தினமும் அப்படித்தான் நின்றாள். அதுவும் பட்டப்பகலில், ஏழாவது பி-யில், கணக்கு நடத்திக்கொண்டே.

அந்த வகுப்பைச் சமாளிக்க முடியாமல் அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேர் ஓடிப்போயிருந்தார்கள். இவளுக்கோ குரலே எழும்பாது. வீட்டில் இவள் அதட்டினால் கைக்குழந்தையே சிரிக்கும்.

முதல் நாளே உதவித் தலைமையாசிரியை மாடி ஏறி வந்தார். படிக்குப் படி நின்று, வீங்கிய முட்டியைத் தடவி, முனகி, ஒருவழியாக மேலே சேர்ந்தார். சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற முகம். பிள்ளைகள் வைத்த பெயர், பூட்டு மேடம்.

"ஒரு மாசம் பார்ப்பேன். உன் கிளாஸ் சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்டுச்சுன்னா, வேற ஸ்கூல் பார்த்துக்கோ."

முதல் வாரம் வகுப்பு சந்தைக்கடை. அதற்கப்புறம்தான் அது ஆரம்பித்தது.

கத்திக்கொண்டிருந்த வகுப்பு, யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் சட்டென்று அடங்கியது. அத்தனை கண்களும் அவளைத் தாண்டி, தோளுக்கு மேலே எதையோ பார்த்தன. கடைசி பெஞ்சு வாலுப்பையன்கூட எச்சில் விழுங்கினான்.

திரும்பினாள். கரும்பலகை. அதை ஒட்டிச் சாத்திய கதவு. கதவின் மேல்பாதிக் கண்ணாடியில் வராந்தா வெளிச்சம். அவ்வளவுதான்.

"எதைடா பார்த்தீங்க?"

"ஒண்ணும் இல்ல மிஸ்."

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பிடரியில் சில்லென்று ஏதோ ஊரும்; வகுப்பு உறைந்துபோகும்.

ஒருநாள் சரக்கென்று திரும்பினாள். கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு, மூச்சுக்காற்று பட்ட மங்கல். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கிச் சுருங்கி மறைந்தது. கதவைத் திறக்கக் கால் வரவில்லை.

ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்த ரூம்லதான் பழைய கணக்கு டீச்சர் போர்டுல எழுதிக்கிட்டே சாஞ்சாங்க. கணக்கு பாதியில நின்னுபோச்சு."

"ஐயோ அக்கா, மீதிக் கணக்கை என்னையா போடச் சொல்றாங்க?"

சிரிக்கத்தான் பார்த்தாள். டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டாள்.

பூட்டு மேடத்திடம் போய் ரூம் மாற்றிக் கேட்டாள்.

"பேயா? செத்த பிறகும் ஏழாங்கிளாஸ் கணக்கு கேட்கணும்னு எந்தப் பேய்க்கும்மா தலையெழுத்து? ரூமெல்லாம் மாத்த முடியாது. போய்ப் பாடத்தை நடத்து."

ஈவிரக்கம் என்று ஒன்று இருந்தால்தானே! வேலையே வேண்டாமென்று முடிவுகட்டினாள். வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று.

மறுநாள் மேடம் லீவு. முட்டிக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். புது டீச்சர் வகுப்பில் நின்று தொண்டையைச் செருமினாள்.

"நாளையிலருந்து நான் வரமாட்டேன். உங்களுக்கு வேற மிஸ் வருவாங்க."

சத்தமே இல்லை. இந்தத் தடவை கண்களெல்லாம் அவள் முகத்தின் மேலேயே இருந்தன.

முன் பெஞ்சுப் பெண் மெல்ல எழுந்தாள். "பேய்க்குப் பயந்தா போறீங்க மிஸ்? அது பேய் இல்ல. பூட்டு மேடம்."

"யாரு?"

"நீங்க எங்க பக்கம் பார்க்கும்போது கண்ணாடியில வந்து நிப்பாங்க. வாயில விரலை வெச்சு முறைப்பாங்க. உங்ககிட்ட சொன்னா தோலை உரிச்சிடுவேன்னாங்க."

"நான் திரும்பிப் பார்த்தேனே... யாருமே இல்லையே?"

"நீங்க திரும்பினா டக்குனு கீழே குந்திக்குவாங்க மிஸ்."

புது டீச்சர் கதவின் கீழ்ப்பாதியைப் பார்த்தாள். படிக்குப் படி நின்று முனகுகிற அந்த முட்டி.

"இன்னைக்குத்தான் அவங்க வரலையே," என்றாள். "அப்புறம் ஏன் சும்மா இருக்கீங்க?"

வாலுப்பையன் தலையைச் சொறிந்தான். "முதல்ல அவங்களுக்குப் பயந்துதான் மிஸ் சும்மா இருந்தோம். அப்படியே கணக்கு புரிய ஆரம்பிச்சிடுச்சு."

அடுத்த நாள் அவள் வந்தாள். பாதிப் பாடத்தில் பிள்ளைகளின் கண்கள் மெல்ல அவள் தோளுக்கு மேலே ஏறின. வகுப்பு அடங்கியது. பிடரியில் அதே சில்லிப்பு.

அவள் திரும்பவில்லை.

"டேய் வாலு, என் நாற்காலியைத் தூக்கிட்டுப் போய்க் கதவுக்கு வெளியே போடுடா. உட்கார்ந்துக்கச் சொல்லு. மிஸ் இனிமே திரும்பிப் பார்க்க மாட்டாங்கன்னும் சொல்லிடு."