கடலுக்குள் புல்வெளி

கண்ணாடிக்குள் மூச்சு பனித்தது.

படகின் விளிம்பை விட அவள் கை மறுத்தது. மற்ற ஆசிரியர்கள் இறங்கிவிட்டார்கள். அவர்களுடைய சுவாசக் குழாய்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

அவளுக்கு நீச்சல் தெரியாது. பாக் விரிகுடாக் கரையில் ஒரு அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

ஆசிரியர்களை அழைத்து வந்த ஆய்வுக் குழுவின் இளம்பெண் குனிந்து சொன்னாள்.

"பயமா இருந்தா படகுலயே இருங்க மேடம். வீடியோ எடுத்துட்டு வந்து காட்டுறோம்."

வீடியோ.

போன வருடம் எட்டாம் வகுப்பில் அதைத்தான் காட்டினாள். கடற்புல்லும் அதை மேயும் கடல்பசுவும். பாதியில் ஜெனிட்டா எழுந்து கேட்டாள்: "இது எந்த ஊர் கடல் டீச்சர்?"

ஏதோ தூரதேசத்துக் கடல். ஜன்னலுக்கு வெளியே அவர்களுடைய கடல் கிடந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

கையை விட்டாள்.

முதலில் உப்பு. அப்புறம் இருமல், பதற்றம். மிதவையை இறுகப் பற்றிக்கொண்டு மறுபடி முகத்தைத் தாழ்த்தினாள்.

புல்.

கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. நீரோட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது. நடுவே, வழித்து எடுத்ததுபோல் ஒரு வெள்ளை மணல் கோடு வளைந்து போனது.

கடல்பசு மேய்ந்த தடம்.

குழாயோடு சிரித்தாள். அதற்கும் கொஞ்சம் கடலைக் குடித்தாள்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவில்லை. கரும்பலகை நீளத்துக்கு அந்தத் தடத்தை வரைந்தாள்.

"எந்த ஊர் டீச்சர்?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நம்ம ஊர்தான்."

ஜெனிட்டா எழுந்தாள்.

"எங்களையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

மறுநாள் ஜெனிட்டாவின் அப்பா இன்னாசி பள்ளிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க ஊர்ல பொம்பளைங்க வள்ளத்துல ஏறுறதில்ல டீச்சர். வேணும்னா பயலுகள கூட்டிட்டுப் போங்க."

"பயலுக உங்ககூடப் போறாங்களே. இந்தப் பொண்ணுகதான் கடலுக்குள்ள பாத்ததில்ல."

அவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடற்கரைக்குப் போனாள். இன்னாசி வலையில் சிக்கிய நண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவள் பேசினாள். புல்லைப் பற்றி, மணல் கோட்டைப் பற்றி.

அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும்.

ஒருநாள் வலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீச்சல் தெரியாமயா எறங்குனீங்க?"

"ஆமா."

"இதுகள யாரு வள்ளத்துல கூட்டிட்டுப் போவீங்க?"

"உங்க வள்ளத்துல."

அவர் கை நின்றது. பிறகு அடுத்த நண்டை எடுத்தது.

இன்னாசியின் வள்ளம் புறப்பட்ட காலையில் அம்மாக்கள் கரையில் நின்றார்கள். யாரும் கையசைக்கவில்லை. மிதவைச் சட்டைக்குள் மாணவிகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெனிட்டா முன்முனையில். ஆய்வுக் குழுப் பெண் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

புல்வெளி இன்னும் தூரத்தில் இருந்தது. இன்னாசி எஞ்சினை அணைத்தார். நீளக் கம்பை எடுத்து ஊன்றினார்.

அணைக்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"ஏம்ப்பா நிப்பாட்டிட்டீங்க?"

"சத்தம் கேட்டா கடல்பசு வராது. ஓடிரும்."

ஜெனிட்டா திரும்பினாள்.

"நீங்க பாத்திருக்கீங்களாப்பா?"

கம்பு தண்ணீருக்குள் இறங்கியது. மேலே வந்தது. மறுபடி இறங்கியது.

"நீ கீழ பாரு" என்றார், மகளைப் பார்க்காமல்.